வங்கி வாட்ச்மேன் தோளில் தொங்கும் ‘டபுள் பேரல்’ எங்கே பிறக்கிறது? லேத் பட்டறையில் செய்தால் ஆயுள் வரை ஜெயில்!

வில்லியனூர்:

ஏ.டி.எம்.மில் பணம் நிரப்ப வேன் வந்து நின்றால் முதலில் இறங்குவது துப்பாக்கிதான். பிறகுதான் பெட்டி இறங்கும். வில்லியனூர், பாகூர் பக்கம் கடைத்தெருவில் நிற்கிறவர்கள் இதை எத்தனையோ தடவை பார்த்திருப்பார்கள். நீளமான குழல், மரக்கட்டை, தோளில் ஒரு வார். சிலரிடம் ஒற்றைக் குழல், சிலரிடம் இரட்டைக் குழல்.

‘‘இது சுடுமா, இல்ல சும்மா பயமுறுத்தவா?’’ என்று டீக்கடையில் கேட்காதவர்கள் இல்லை.

சுடும். நன்றாகவே சுடும். போலீசார் வைத்திருக்கும் ரைபிள் வேறு, இது வேறு. ரைபிளில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு குண்டு பாயும். இதில் ஒரு தோட்டாவுக்குள் இருக்கும் ரவைகள் கொத்தாகப் பறக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ஷாட்கன் என்று பெயர். நம்ம ஊரில் ரவைத் துப்பாக்கி, டபுள் பேரல் என்பார்கள்.

இதை யார் செய்கிறார்கள்? எங்கே செய்கிறார்கள்? ‘‘ஒரு பைப், ஒரு ஸ்பிரிங், ஒரு கட்டை. நம்ம பட்டறையிலயே செஞ்சிடலாமே’’ என்று சிலர் நினைக்கிறார்களே, அது நடக்கிற காரியமா? நடந்தால் என்ன ஆகும்? விவரம் தெரியாமல் கையை விட்டு, கையையும் இழந்து, ஜெயிலுக்கும் போகிறவர்கள் இருப்பதால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

12 போர் என்றால் என்ன?

வாட்ச்மேன்கள் வைத்திருக்கும் துப்பாக்கி பெரும்பாலும் ‘12 போர்’. இந்த 12 என்பது அங்குலமும் இல்லை, மில்லி மீட்டரும் இல்லை.

ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்து, சரிசமமாக 12 உருண்டைகளாக உருட்ட வேண்டும். அதில் ஒரு உருண்டை எந்தக் குழலில் கச்சிதமாக நுழையுமோ அதுதான் 12 போர். இன்றைய அளவில் சொன்னால் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லி மீட்டர். அதே ஈயத்தை 20 உருண்டையாக உருட்டினால் உருண்டை சிறுத்துப் போகும். அதனால் 20 போர் துப்பாக்கியின் குழல் 12 போரை விடச் சிறியது. எண் ஏற ஏற குழல் சிறுக்கும். பல நூறு வருடத்துக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை.

தோட்டாவின் அடியில் ஒரு சின்ன கேப்பு இருக்கும். தீபாவளிக்குப் பிள்ளைகள் அடிக்கிற பொட்டு கேப்பு மாதிரிதான் வேலை, ஆனால் இது உலோகத்தில் இருக்கும். விசையை இழுத்ததும் ஊசி போய் அந்தக் கேப்பைத் தட்டும். கேப்பு பொறி விடும். மேலே உள்ள மருந்து எரியும். அந்தப் புகையின் அழுத்தம் ரவைகளைக் குழல் வழியாகத் தள்ளும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது.

இந்தத் தோட்டாக்களில் ‘சக்திமான்’ என்ற பெயரில் வருபவை மராட்டிய மாநிலம் புனே அருகே கட்கியில் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையில் தயாராகின்றன.

குக்கரை விட 700 மடங்கு

விஷயமே இங்கேதான் இருக்கிறது. வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கிற அழுத்தம் ஒரு சதுர சென்டி மீட்டருக்கு சுமார் 1 கிலோ. அதற்கே வெயிட் அடைத்துக்கொண்டால் மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது.

12 போர் துப்பாக்கியில் சாதாரணத் தோட்டா வெடிக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு சர்வதேச அமைப்பு வகுத்துள்ள உச்ச வரம்பு 740 பார். அதாவது குக்கரைப் போல 700 மடங்குக்கும் மேல். லாரி டயரில் அடிக்கிற காற்றே 8 பார் அளவில்தான் இருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த அழுத்தம் நடக்கிற இடம் எது? சுடுகிறவரின் இடது கைக்கும் கன்னத்துக்கும் நடுவில். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில்!

ஆகவே நல்ல துப்பாக்கி செய்கிற தொழிலாளியின் பாதி வேலை எதிரே இருப்பதைச் சுடுவதற்காக அல்ல. பின்னால் நிற்கிறவரைக் காப்பாற்றுவதற்காக. குழல் வெடிக்கக் கூடாது. பூட்டு திறந்துகொள்ளக் கூடாது. கீழே விழுந்தால் தானாகச் சுடக் கூடாது. இந்த மூன்றுக்கும்தான் அத்தனை உழைப்பு, அத்தனை காசு.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் குழல். ஏற்கெனவே ஓட்டையாக வருகிற பைப்பில் இதைச் செய்வதில்லை. தரம் பார்த்து வாங்கிய எஃகுக் கம்பியை எடுத்து, நடுவில் நீளமாகத் துளை போடுகிறார்கள். இரண்டு அடிக்கு மேல் நீளம். துளை ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும். அந்தக் குழல் குப்பைக்குத்தான். துளை போட்ட பிறகு ரீமர் விட்டு, தேய்த்து, உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்க வைக்கிறார்கள். லேத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும்.

தோட்டா உட்காரும் பின்பக்கத்தில் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். அழுத்தம் அதிகம் ஏறுவது அங்கேதான். போகப் போக மெலிதாக்கிக்கொண்டே வருவார்கள். இல்லாவிட்டால் துப்பாக்கி உலக்கை கனம் கனக்கும்.

குழலின் வாய்ப்பக்கம் இன்னொரு சூட்சுமம். கடைசி சில அங்குலத்தில் துளையைக் கொஞ்சம் குறுக்குவார்கள். இதற்கு ‘சோக்’ என்று பெயர். தோட்டத்தில் தண்ணீர் விடும்போது குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பாய்கிற மாதிரி, ரவைகள் சிதறாமல் கொத்தாகப் போக இது உதவும். முழு சோக் என்றாலும் குறுக்குவது 1 மில்லி மீட்டர் அளவுதான். ஆனால் அதனால் வருகிற வித்தியாசம் பெரிது. 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டம் ஒன்றை வைத்துச் சுட்டால், சோக் இல்லாத குழலில் ரவைகளில் 100-க்கு 40 வட்டத்துக்குள் விழும். முழு சோக்கில் 70 விழும்.

இரட்டைக் குழல் என்றால் வேலை இரட்டிப்பு. இரண்டு குழலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் மட்டும் போதாது. இரண்டும் ஒரே இடத்தில் சுட வேண்டும். ஒட்டிய பிறகு சுட்டுப் பார்த்து, தப்பாக இருந்தால் பிரித்து, திரும்ப ஒட்டுவதும் உண்டு.

வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது ஊர் அறிந்தது. அந்தக் குயவர் வீட்டில் பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போம். ‘ணங்’ என்றால் நல்ல பானை, ‘டொக்’ என்றால் விரிசல். துப்பாக்கித் தொழிலாளியும் இதையே செய்கிறார்! ஒட்டிய குழல்களைத் தொங்கவிட்டுத் தட்டிக் கேட்பார். மணி மாதிரி ஒலித்தால் ஒட்டு சரி. சத்தம் மங்கினால் எங்கோ ஒட்டு விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது பூட்டு. குழலை மடக்கித் தோட்டா போட்டு, திரும்ப மூடும்போது இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் மயிரிழை இடைவெளியும் கூடாது. இதற்குப் பழைய தொழிலாளிகள் பயன்படுத்துவது மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கரி. ஒரு பக்கத்தில் கரியைப் பிடித்து, மூடித் திறப்பார்கள். எங்கே கரி மறுபக்கத்தில் ஒட்டுகிறதோ அங்கே மேடு. அந்த மேட்டை மட்டும் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. திரும்பக் கரி, திரும்ப அரம். முழுவதும் ஒரே சீராகக் கரி ஒட்டுகிற வரை விடுவதில்லை. லண்டன், இத்தாலியில் விலை உயர்ந்த துப்பாக்கிகளுக்கு இன்றைக்கும் இப்படித்தான் கையால் பார்க்கிறார்கள்.

கடைசியில் கட்டை. பெரும்பாலும் அக்ரூட் மரம். ஈரம் போகும்வரை வருடக்கணக்கில் காயவைத்த மரமாக இருக்க வேண்டும். காயாத மரத்தில் போட்டால் பிறகு சுருங்கி, இரும்பு ஆட்டம் காணும். மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வெட்டாவிட்டால் உதைக்கிற உதையில் கட்டை பிளந்துவிடும்.

தையற்காரர் மாதிரி அளவெடுப்பார்கள்

ரைபிளில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி இருக்கும். இரண்டையும் நேராக வைத்துச் சுடுவார்கள். ரவைத் துப்பாக்கியில் பின்குறி கிடையாது. முன்னால் ஒரு சின்ன மணி மட்டும். சுடுகிறவரின் கண்ணே பின்குறி.

அதனால் கட்டை உடம்புக்குப் பொருந்த வேண்டும். கை நீளம், கழுத்து உயரம், கன்னத்துச் சதை, தோள் அகலம் எல்லாம் பார்ப்பார்கள். தையற்காரர் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரிதான். கட்டை கொஞ்சம் நீளமாக இருந்தால் தூக்கும்போது சட்டையில் மாட்டும். குட்டையாக இருந்தால் உதைக்கும்போது கட்டை விரல் மூக்கில் இடிக்கும். அடுத்தவர் துப்பாக்கியை வாங்கிச் சுட்டால் குறி தப்புவதற்கு இதுதான் காரணம்.

லண்டன் பர்டி கம்பெனி 1814-ல் தொடங்கியது. அவர்கள் ஆளுக்கு அளவெடுத்துச் செய்யும் ஒரு ஜோடிக்குழல் துப்பாக்கி ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். நம்ம பணத்தில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். அடேங்கப்பா! இத்தாலியின் பெரெட்டா குடும்பம் 1526-லேயே வெனிஸ் நகரத்துக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் செய்து கொடுத்துக் காசு வாங்கிய ரசீதை இன்னமும் வைத்திருக்கிறது.

மண் தட்டைச் சுடும் புதுக்கோட்டைக்காரர்

இந்தத் துப்பாக்கிக்கு விளையாட்டு உலகத்தில் தனி இடம் உண்டு. ‘டிராப்’ என்று ஒரு போட்டி. பள்ளத்துக்குள் இருக்கும் எந்திரம் 11 சென்டி மீட்டர் அகல வட்டத் தட்டு ஒன்றை வீசும். எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் வேகம். அதைப் பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா. ஒரு தோட்டாவில் ரவையின் எடை 24 கிராம்தான். அதற்குள் ஏறக்குறைய 300 பொடி ரவைகள்.

புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் இந்த டிராப் போட்டியில் நம்ம நாட்டுக்காக ஆடுகிறவர். சீனாவின் ஹாங்சோவில் 2023 அக்டோபரில் நடந்த ஆசியப் போட்டியில் கைனன் செனாய், சோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து அணிப் பிரிவில் தங்கம் வென்றார். மூவரும் சேர்ந்து 375 தட்டுகளில் 361-ஐ உடைத்தார்கள். 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்கிலும் பிருத்விராஜ் கலந்துகொண்டார். அதற்கு முன்பே 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் ‘டபுள் டிராப்’ பிரிவில் வெள்ளி வென்றது பலருக்கும் நினைவிருக்கும்.

உலக அளவில் இந்தப் போட்டிகளில் அதிகம் தெரிவது இத்தாலியின் பெராசி, பெரெட்டா, ஜெர்மனியின் கிரீகாஃப் போன்ற துப்பாக்கிகள். விலை பல லட்சம். பயிற்சியில் தினமும் நூற்றுக்கணக்கில் சுட்டாலும் பூட்டு ஆட்டம் காணாமல் இருக்க வேண்டும். வாட்ச்மேன் துப்பாக்கி வருடக்கணக்கில் சுடாமலே இருக்கும். விலையில் இவ்வளவு வித்தியாசம் வருவது இதனால்தான்.

நம்ம நாட்டில் எங்கே?

இந்தியாவில் ரவைத் துப்பாக்கி என்றாலே முதலில் வருகிற பெயர் பீகார் மாநிலம் முங்கேர். கங்கைக் கரை ஊர். வங்காள நவாப் மீர் காசிம் 1762-ல் தன் தலைநகரை முர்ஷிதாபாத்தில் இருந்து அங்கே மாற்றினார். வெள்ளைக்காரனை எதிர்க்க ஆயுதம் வேண்டும் என்று துப்பாக்கிப் பட்டறையும் போட்டார். அதைக் கவனித்துக்கொண்டவர் குர்கின் கான் என்ற அர்மீனியத் தளபதி. நவாப் தோற்றார். ஆனால் தொழில் ஊரிலேயே தங்கிவிட்டது. அப்பனிடம் இருந்து பிள்ளை என்று 260 வருடமாகக் கைமாறி வந்திருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அரசு லைசென்ஸ் பெற்ற சிறு சிறு கம்பெனிகள் அங்கே 30-க்கும் மேல் இருந்தன. அவர்கள் செய்ததெல்லாம் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கிகள்தான். ஜம்முவிலும் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கம்பெனிகள் உள்ளன.

பக்கத்திலேயே திருச்சி இருக்கிறது. அங்குள்ள மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலையை 1966-ல் பிரதமராக இருந்த இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். ராணுவத்துக்கான துப்பாக்கிகளோடு 12 போர் ‘பம்ப் ஆக்‌ஷன்’ துப்பாக்கியும் அங்கே செய்யப்பட்டிருக்கிறது. குழலுக்குக் கீழே உள்ள கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் ரகம் இது. 2021 அக்டோபர் 1-ந்தேதி முதல் இந்தத் தொழிற்சாலை ‘அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மெண்ட் இந்தியா’ என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

புதுவையை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு முங்கேர் உண்டு. அது செந்த் எத்தியேன் நகரம். 1764-ல் அங்கே அரசரின் ஆயுதப் பட்டறை தொடங்கியது. 1880-களில் வந்த ‘மனுஃபிரான்ஸ்’ கம்பெனி வேட்டைத் துப்பாக்கியில் இருந்து சைக்கிள், தையல் மிஷின் வரை கேட்லாக் போட்டுத் தபாலில் விற்றது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்த அந்தக் கம்பெனி 1980-களில் மூடப்பட்டது. ராணுவ ஆயுதத் தொழிற்சாலையும் 2001-ல் மூடப்பட்டது.

முங்கேரிலும் இப்போது அதே கதைதான். பல கம்பெனிகளின் ஷட்டர் இறங்கிவிட்டது. அரத்தைப் பிடித்த கை வேறு வேலை தேடிப் போய்விட்டது.

ஏன் படுத்தது தொழில்?

முதல் காரணம் 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதுவரை ஜமீன்தார், அதிகாரி, பணக்காரர் என்று வேட்டைக்குப் போனவர்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். வேட்டைக்குத் தடை வந்ததும் அந்தக் கூட்டம் நின்றுபோனது.

மிஞ்சியவர்கள் வங்கிக் காவலர்கள், பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள், விளையாட்டுக்காரர்கள். விளையாட்டுக்காரர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி தேடிப் போனார்கள். புது லைசென்ஸ் கிடைப்பது வரவரக் கடினமானது. ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2019-ல் வந்த ஆயுதச் சட்டத் திருத்தம் 2 ஆகக் குறைத்தது. வாங்க ஆள் குறைந்தால் செய்கிறவருக்கு என்ன வேலை?

இன்னொரு பக்கம் முங்கேர் பெயர் கள்ளத் துப்பாக்கியாலும் கெட்டது. 2018-ல் ஜபல்பூர் ராணுவக் கிடங்கில் இருந்து திருடப்பட்ட ஏ.கே.47 துப்பாக்கிகள் முங்கேர் பகுதியில் கைப்பற்றப்பட்டது நாடு முழுவதும் பரபரப்பை ஏற்படுத்தியது. லைசென்ஸ் வாங்கி, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் போட்டு, கணக்கு எழுதி விற்கிறவருக்கும், திருட்டுத்தனமாகச் செய்கிறவனுக்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லோருக்கும் ஒரே பெயர் ஆகிவிட்டது.

முத்திரை ஏன் முக்கியம்?

ஒழுங்கான தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியை அப்படியே கடைக்கு அனுப்ப மாட்டார்கள். ‘புரூஃப்’ என்ற சோதனை உண்டு. துப்பாக்கியை ஸ்டாண்டில் கட்டி, ஆட்கள் தள்ளி நின்று, வழக்கமான தோட்டாவை விடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு வெடிப்பார்கள். 740 பாருக்குச் செய்த துப்பாக்கியை 930 பாரில் சோதிப்பார்கள். வெடிக்காமல், வீங்காமல், பூட்டு ஆடாமல் தாங்கினால் முத்திரை. தாங்காவிட்டால் கழித்துக் கட்டிவிடுவார்கள். லண்டனில் 1637 முதலே துப்பாக்கி செய்வோர் சங்கம் இந்தச் சோதனையை நடத்தி வருகிறது.

நம்ம நாட்டு ஆயுதச் சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கியிலும் செய்தவர் பெயர், எண் போன்ற அடையாளம் பொறித்திருக்க வேண்டும். அதை அழித்தாலும் குற்றம், அழிந்ததை விற்றாலும் குற்றம்.

நாட்டுத் துப்பாக்கி: முன்னால் இருப்பவரை விட பின்னால் இருப்பவருக்கே ஆபத்து

இப்போது நாட்டுத் துப்பாக்கிக்கு வருவோம். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ அடைத்து, மேலே ரவையோ பால்ரஸ் குண்டோ போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற பழைய ரகம் இது. வேட்டையையே தொழிலாக வைத்திருந்த நரிக்குறவர் மக்களிடம் ஒரு காலத்தில் இருந்தது. சட்டம் வந்த பிறகு அவர்களில் பெரும்பாலோர் ஊசிமணி, பாசிமணி வியாபாரத்துக்கு மாறிவிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் பறவை அடிக்க, முயல் அடிக்க என்று யாரோ சிலர் இதைச் செய்து விற்பதும், போலீசாரிடமோ வனத்துறையிடமோ சிக்குவதும் தமிழகத்திலும் புதுவையிலும் புதிதல்ல.

இதில் குழல் என்ன இரும்பு என்று யாருக்கும் தெரியாது. கிடைத்த பைப். மருந்து எவ்வளவு என்பது கை அளவு. ஒரு சிட்டிகை கூடினால் அழுத்தம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. உள்ளே துரு பிடித்து அரித்திருந்தால் வெளியே தெரியாது. புரூஃப் சோதனை கிடையாது. பாதுகாப்புப் பூட்டு கிடையாது. குதிரை நழுவினால் வெடிக்கும். இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் வழுக்கினாலும் வெடிக்கும்.

ஒரு கொக்கு அடிக்கப் போய் விரல் போகலாம், கண் போகலாம், கூட வந்தவன் உயிரும் போகலாம். தொழிற்சாலைத் துப்பாக்கியில் கரியைத் தடவி மயிரிழையைப் பார்க்கிறார்களே, அந்த வேலைதான் நாட்டுத் துப்பாக்கியில் விட்டுப் போயிருக்கிறது.

லேத், வெல்டிங் பட்டறைக்காரர்கள் கவனத்துக்கு

சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், கிருமாம்பாக்கம் பக்கம் லேத், வெல்டிங், பிட்டர் வேலை செய்கிறவர்கள் நிறைய. கை சுத்தமான தொழிலாளிகள். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

‘‘அண்ணே, இந்தப் பைப்பைக் கொஞ்சம் போரிங் போட்டுக் குடுங்க’’, ‘‘தாத்தா காலத்துத் துப்பாக்கிண்ணே, ஸ்பிரிங் மட்டும் மாத்திக் குடுங்க’’ என்று யாராவது வந்தால் தொடவே கூடாது. துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டும் அல்ல, ரிப்பேர் பார்ப்பதற்கும், சோதித்துப் பார்ப்பதற்கும், விற்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டம். ‘‘எனக்கு எதுக்குன்னு தெரியாது சார், கூலிக்குச் செஞ்சேன்’’ என்று பிறகு சொன்னாலும் கோர்ட்டு, கேஸ் என்று அலைய வேண்டியிருக்கும்.

தண்டனையும் முன்பு மாதிரி இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு:

* லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால், விற்றால், ரிப்பேர் பார்த்தால் குறைந்தது 7 வருடம் ஜெயில். அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

* லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் சாதாரண ரகத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 வருடம் வரை ஜெயில், அபராதமும் உண்டு.

* கல்யாணம், கச்சேரி என்று கொண்டாட்டத்தில் ஆபத்து விளைகிற மாதிரி வானத்தைப் பார்த்துச் சுட்டால் லைசென்ஸ் இருந்தாலும் 2 வருடம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஊசுடு ஏரியில் சுட்டால்?

வில்லியனூர் பக்கம் ஊசுடு ஏரி. ஒரு பகுதி புதுவையில், மறுபகுதி தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்தில். புதுவைப் பகுதியை 2008-ல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பாகூர் ஏரி புதுவையின் இரண்டாவது பெரிய ஏரி. மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிறைந்து நிற்கும் மாதங்களில் இரண்டிலும் எங்கெங்கோ இருந்து பறவைகள் வந்து இறங்கும்.

சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் ஜெயில். அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் இப்படிச் சொல்கிறது. கையில் இருப்பது நாட்டுத் துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அரைக்கிலோ கறிக்கு இரண்டு கேஸ்!

திருவிழாவில் பலூன் சுடும் ஏர்கன் பற்றிப் பலருக்குச் சந்தேகம். .177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்குள் சக்தியும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அதை வைத்துக் கொக்கு, நாரையை அடித்தால் அதுவும் வேட்டைதான். அதற்கு ஜெயிலும் அபராதமும் உண்டு.

பரணில் பழைய துப்பாக்கி இருந்தால்?

புதுவை கிராமங்களில் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் குடும்பம் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’ வீடுகளும் உண்டு. லைசென்ஸ் வைத்திருந்த பெரியவர் காலமான பிறகு, அவர் துப்பாக்கியை ‘‘அப்பா ஞாபகமா இருக்கட்டும்’’ என்று பரணில் போட்டு வைத்திருந்தால் அதுவும் சட்டவிரோதம்தான். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததே தவிர, துப்பாக்கியின் பெயரில் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வாரிசு வைத்திருக்க விரும்பினால் தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு மாவட்டக் கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ் கிடைத்தால் ஒப்படைத்த துப்பாக்கி திரும்ப வரும். லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால் உடனே ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைக்கும் முன் தோட்டா உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று தெரியாதவர்கள் குழலுக்குள் எட்டிப் பார்ப்பது, விசையை இழுத்துப் பார்ப்பது கூடவே கூடாது. போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொன்னால் தெரிந்த ஆளை அனுப்பி எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த தடவை வங்கி வாசலில் அந்த டபுள் பேரலைப் பார்த்தால் குழலின் அடிப்பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். சின்னதாக ஒரு பெயர், ஒரு எண், ஒன்றிரண்டு முத்திரை இருக்கும். முகம் தெரியாத ஒரு தொழிலாளி, ‘இதைப் பிடிப்பவன் கைக்கு எதுவும் ஆகாது’ என்று கொடுத்த உத்தரவாதம் அது. நாட்டுத் துப்பாக்கியில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.